பச்சைக்குள் இருக்கும் மஞ்சள்

மயிலம் பக்கத்து மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லைகளில் சில நேரம் இளந்தளிர்கள் மஞ்சளாக வெளுத்துவிடும். நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். மண்ணில் உள்ள இரும்பைச் செடியால் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்பதன் அடையாளம் அது. "அன்னபேதி கரைச்சு அடிச்சா பச்சை திரும்பிடும் சார்" என்றார் ஒரு விவசாயி. அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். கொஞ்சம் பொறுத்து அவரே கேட்டார்: "பச்சை போறது சரி. இந்த மஞ்சள் எங்கேர்ந்து வருது?"

பதில் தேடி முதலில் ஒரு வேதியியல் ஆசிரியரிடம் போனேன். அவர் நல்ல பச்சை இலைகளை அசிட்டோன் விட்டு அரைத்து வடிகட்டினார். அந்தச் சாற்றை வடிதாளின் அடியில் கோடாகத் தீற்றி உலரவிட்டு, பெட்ரோலியம் ஈதரும் சிறிது அசிட்டோனும் கலந்த குவளையில் தாளின் நுனி மட்டும் நனையும்படி நிறுத்தினார். திரவம் ஏற ஏறக் கோடு பிரிந்தது. உச்சியில் ஆரஞ்சு சாயல் கொண்ட மஞ்சள். சற்றுக் கீழே இன்னொரு மஞ்சள். அதற்கும் கீழே நீலம் ஓடிய பச்சை, பிறகு மஞ்சள் ஓடிய பச்சை. துளியும் வெளுக்காத இலையில்தான் இத்தனை மஞ்சளும் இருந்தது. ரஷ்யத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட் 1906-லேயே சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலையின் நிறங்களை இப்படிப் பிரித்துக் காட்டி எழுதியிருக்கிறார். பின்னாளில் இந்த மஞ்சள் நிறமிகளுக்குக் கரோட்டினாய்டு என்று பெயர் வைத்ததும் அவரே.

மஞ்சள் முன்பே அங்கு இருக்கிறது என்றால், அதற்கு அங்கே என்ன வேலை?

1955-ல் ரோஜர் ஸ்டேனியரின் குழு, ஒளியை உண்டு வாழும் ஒரு பாக்டீரியாவில் கரோட்டினாய்டு நிறமிகள் இல்லாத வகையை எடுத்து ஆராய்ந்தது. காற்றில்லாத இடத்தில் அது வெளிச்சத்தில் நன்றாக வளர்ந்தது. ஒளியும் காற்றும் ஒன்றுசேர்ந்தபோது செத்துப்போனது. காரணம் பச்சையத்திடம் இருக்கிறது. அது வாங்கிய ஒளியாற்றல் செலவாகாமல் தேங்கினால், அருகிலுள்ள ஆக்சிஜனுக்குத் தாவி அதை உயிரணுவை அரிக்கும் பொருளாக மாற்றிவிடும். கரோட்டினாய்டு முந்திக்கொண்டு அந்த ஆற்றலை வாங்கி வெப்பமாக வெளியேற்றுகிறது. இதற்கு அது பச்சையத்தை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நிறுத்தி வைப்பது யார் என்பதே என் தேடலின் அடுத்த கட்டமானது.

விடை ஒரு புரதம். தாவரங்களின் பச்சையத்தில் ஏறக்குறையப் பாதி, எல்.எச்.சி. 2 என்ற ஒளியறுவடைப் புரதத்தில்தான் இருக்கிறது. 1994-ல் வெர்னர் கூல்பிராண்ட், வாங், ஃபுஜியோஷி மூவரும் பட்டாணி இலையிலிருந்து அதை எடுத்து, எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் 3.4 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் அதன் உருவைக் கண்டார்கள். மல்லாட்டையும் பட்டாணி குடும்பத்துச் செடிதான். புரதத்தின் இரு நீண்ட சுருள்களின் பள்ளங்களில் லூட்டீன் என்ற கரோட்டினாய்டின் இரண்டு மூலக்கூறுகள், கொட்டகைக்குக் குறுக்கே கட்டிய மூங்கில்களைப்போல ஒன்றையொன்று வெட்டிக் கிடந்தன. 2004-ல் சீன ஆய்வாளர்கள் ஸ்பினாச் கீரையில் 2.72 ஆங்ஸ்ட்ராம் வரை போனார்கள். ஒவ்வொரு புரதத்திலும் 14 பச்சைய மூலக்கூறுகள், 4 கரோட்டினாய்டுகள்: இரண்டு லூட்டீன், ஒரு நியோசாந்தின், ஒரு வயலோசாந்தின்.

புரதத்தோடு இந்தக் கரோட்டினாய்டுகளுக்குச் சகப்பிணைப்பு கிடையாது. லூட்டீனின் நெடிய கரிமச் சங்கிலி எண்ணெய்த்தன்மை கொண்ட பள்ளத்தில் படிந்துகொள்கிறது. இரு முனைகளையும் புரதத்தின் வளைவுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. வயலோசாந்தின் மட்டும் ஓரத்தில், பிடி தளர்ந்து இருக்கிறது. வெயில் உச்சிக்கு ஏறும்போது அது பிரிந்து வந்து சியாசாந்தினாக மாறி, மிகையான ஆற்றலைக் கழிக்க உதவுகிறது.

சுருள்களைப் பற்றிப் படிக்கும்போது சென்னைக்கும் வந்து சேர்ந்தேன். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும் என்று 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணக்கிட்டு வரைபடமாகக் காட்டியவர்கள் ஜி.என். இராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர். இன்று புதிதாகக் கண்டறியப்படும் எந்தப் புரத உருவையும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

என்னை அதிகம் அசைத்தது 1987-ல் பிளம்லியும் ஷ்மிட்டும் செய்த சோதனை. நிறமி நீக்கிக் குலைத்த ஒளியறுவடைப் புரதத்தோடு நிறமிகளை மீண்டும் கலந்தபோது அது பழைய உருவுக்குத் திரும்பியது. ஆனால் பச்சையத்தை மட்டும் கொடுத்தால் திரும்பவில்லை. மஞ்சள் நிறமிகளும் வேண்டியிருந்தன. புரதம் நிறமியைத் தாங்குவதுபோலவே நிறமியும் புரதத்தைத் தாங்குகிறது.

செண்டுமல்லி இதழிலும் இதே லூட்டீன்தான் நிறைந்திருக்கிறது. அங்கே அது கொழுப்பமிலங்களோடு சேர்ந்து நிறம் காட்டுவதோடு சரி. இலையில் அது தூண், காவல், ஒளி வாங்கும் கை என மூன்று வேலையும் பார்க்கிறது. ஒரே பொருளுக்கு இவ்வளவு வேறுபாட்டைத் தருவது அது பொருந்தியிருக்கும் இடம்.

மஞ்சள் எங்கிருந்தும் வரவில்லை, பச்சை குறையும்போது தெரிகிறது என்று அந்த விவசாயிக்குச் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்த மஞ்சள் இல்லாமல் பச்சை வெயிலில் தாக்குப்பிடிக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் ஒளிச்சேர்க்கைப் பாடத்தைப் பச்சையத்தோடு முடித்துவிட்டால், பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வது பாதிப் பாடம்தான்.