பதினோராயிரம் ரூபாய் ஒயர்

ஆடியோ கருவிகளின் விளம்பரங்களைத் தமிழில் பெயர்ப்பது ஒரு தினுசான பிழைப்பு. ‘கதகதப்பான ஒலி’, ‘பட்டுப் போன்ற மேல்ஸ்தாயி’, ‘திரை விலகிய தெளிவு’ - இத்தனையும் ஒரு ஒயரைப் பற்றி. எம்.ஏ. வகுப்பில் படித்த அணியிலக்கணம் இப்படிச் சோறு போடும் என்று யார் கண்டது? ‘ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு’ என்று எழுதும்போது மட்டும் பஸ்பம் விற்கிற மாதிரி இருக்கும்.

உரிச்சொற்களைக் கழித்துவிட்டால் ஒயர் என்பது பள்ளிக்கூடப் பௌதிகம்தான். எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கரின் தடை பொதுவாக 8 ஓம். நூறில் ஒரு பங்குகூட இல்லை. 0.5 சதுர மில்லிமீட்டர் ஒல்லி ஒயரைப் போட்டாலும் இழப்பு அரை டெசிபலுக்குள்தான். வால்யூமை ஒரு துளி திருகினால் சரியாகிவிடும்.

இது தெரிந்திருந்தும் போன வருஷம் லஜ்பத்ராய் மார்க்கெட்டுக்குப் போனேன். செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் டெல்லியின் பழைய எலக்ட்ரானிக்ஸ் சந்தை. காரணம் ஒரு கேசட். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாயி 1988இல் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களுக்குப் பேசி அனுப்பிய கடிதம். டெல்லிக்கு ரயிலேறிய உறவினர் ஒருவரின் பையில் வந்தது. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. நாடா உதிர ஆரம்பித்திருந்தது. இன்னும் சில தடவைதான் ஓடும். அதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும். ஆனால் குரலுக்கு மேலே இடைவிடாமல் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல்.

கடைக்காரர் சிரமப்படவே இல்லை. “கேபிள்தான் கோளாறு” என்று தங்க முலாம் பூசிய பிளக்கோடு ஒன்றை எடுத்து வைத்தார். விலை 11,000 ரூபாய். தங்கம் கறுக்காது என்பது உண்மை. பிளக் வருஷக்கணக்கில் நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கும். அதற்கு மேல் தங்கத்துக்கு இசைஞானம் கிடையாது. கும்பிடு போட்டுவிட்டுக் கரோல்பாகில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்தேன். எழுபதைத் தாண்டிய மனிதர்.

அவர் கேபிளைத் தொடவே இல்லை. “லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்க, பாபுஜி” என்றார். பிடுங்கினேன். இரைச்சல் நின்றது.

விஷயம் இதுதான். ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று பின் பிளக், ஒரு சுவரில். சார்ஜருக்கும் மூன்று பின், எதிர்ச் சுவரில். இரண்டும் எர்த்தோடு சேர்ந்திருக்க, நடுவே ஆடியோ கேபிள் அவற்றை இணைத்து ஒரு வளையத்தைப் பூர்த்தி செய்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சாயல் அதில் சுற்றிவந்து ஸ்பீக்கரில் முனகுகிறது. தங்க பிளக் போட்டிருந்தால் வளையம் இன்னும் சிறப்பாகச் சுற்றியிருக்கும். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டலாம். அல்லது எல்லா பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பார்க்கலாம். சிலர் எர்த் பின்னையே ஒடித்துவிடுகிறார்கள். உயிரோடு விளையாடுகிற வேலை அது.

அடாப்டர் விவகாரம் தனி. எங்கள் பழைய டெக்கில் இருப்பது ஐந்து முள் டின் சாக்கெட். 3, 5 ஆகிய முட்களில் பாட்டு வெளியே வரும், 1, 4 பதிவுக்காக உள்ளே போக, 2 எர்த். சந்தையில் இரண்டு வகை அடாப்டரும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், மேலே ஒன்றும் எழுதியிருக்காது. மாற்றிச் செருகினால் சத்தம் வராது, அல்லது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வரும். நல்ல டெக்கைப் பழுது என்று காயலான் கடைக்குப் போட்டவர்கள் உண்டு.

மெக்கானிக் பிறகு ஹெட்டை ஆல்கஹாலில் துடைத்தார். அதன் பக்கத்திலிருந்த திருகாணியை ஸ்க்ரூ டிரைவரால் இம்மி இம்மியாகத் திருப்பினார். நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஹெட் அதற்குச் செங்குத்தாக நிற்காமல் கொஞ்சம் சாய்ந்தாலும் மேல்ஸ்தாயி முழுவதும் மழுங்கிப்போகும். பதிவு செய்த கருவியின் சாய்வுக்கு நம் கருவியைப் பொருத்த வேண்டும். காதை வைத்துக் கேட்டுக்கொண்டே திருப்பினார். கம்பளியை உருவியது மாதிரி குரல் வெளியே வந்தது. ஒலித் தரத்தில் நான் கேட்ட மிகப் பெரிய வித்தியாசம் இதுதான். கூலி 400 ரூபாய்.

பக்கத்துக்கு 30 நிமிஷம், இரண்டு பக்கமும் ஏற்றியாகிவிட்டது. அந்த கேசட் முழுக்கப் பின்னால் மழை பெய்கிறது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிவந்தார்கள். மழை இல்லை. எங்களிடம் பேசிக்கொண்டே அப்பாயி முறத்தில் அரிசி புடைத்திருக்கிறார். அவ்வப்போது புடைப்பது நிற்கிறது, கல் பொறுக்க. பொறுக்கிய கல் ஏதோ பித்தளைப் பாத்திரத்தில் விழுந்து ‘ணங்’ என்கிறது.