பாம்பன் தீவில் ஒரு பகல்

இராமேசுவரத்திற்குச் செல்வோர் பலர்; பாம்பன் தீவுக்குச் செல்வோர் சிலரே. இரண்டும் ஒன்றுதானே என்று வாசக நேயர்கள் வியக்கலாம். நிலப்படத்தில் ஒன்றுதான். ஆனால் திருக்கோயிலை நாடி வரும் யாத்திரிகர் நீராடித் தொழுது, மாலையிலேயே வண்டி ஏறிவிடுகின்றனர். இத்தீவின் மக்கள் எங்கே வலை இழுக்கிறார்கள், எதை உண்கிறார்கள், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று காண அவர்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை. அதைக் காண்பதற்கென்றே, சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பங்கைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார், சிறுவர் உட்படப் பதினான்கு பேர், ஒரு வேன் அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம்.

பொழுது புலரும் வேளையில் மண்டபத்தைக் கடந்து, 1988 இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின்மேல் ஏறினோம். அதன் உயரத்திலிருந்து இரயில் பாலங்கள் இரண்டும் தெரிந்தன. 1914 முதல் நூறாண்டுக்கு மேல் உழைத்து, 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது ஒன்று. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது மற்றொன்று. கப்பலுக்கு வழிவிடும்போது பழையது இரட்டைக் கதவுபோல் விரிந்தது. புதியதன் நடுப்பகுதி நேராக மேலே எழும்பும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தீவினர் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் அழைக்கின்றனர். முன்னது அமைதியானதாம், பின்னது முரடாம். ஆனால் வாடைக் காலத்தில் சீறுவது பெண்கடல்தான். அப்போது ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். ஆகவே இப்பெயர்களைச் சூட்டியவர் எந்த மாதத்தில் சூட்டினார் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் தங்கச்சிமடம் வரையில் விவாதித்துக்கொண்டே வந்தனர்.

தங்கச்சிமடத்தில் சாலையோரப் பனை நிழலில் பதநீர் விற்றார் ஒரு பெரியவர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்குவதால் அது கள்ளாக மாறாமல் இனிப்பாகவே நிற்கிறது. ஓலைப் பட்டையில் நுங்கைக் கீறிப் போட்டு, அதன்மேல் பதநீரை ஊற்றித் தந்தார். பட்டையை இரு கையாலும் ஏந்திக் குடிக்கத் தெரியாமல் சிறுவர்கள் சட்டையை நனைத்துக்கொண்டனர். அவ்வூர் மல்லிகை நாற்றுக்குப் பேர் பெற்றது. பல ஊர்த் தோட்டங்களில் பூக்கும் மல்லிகைக்கு இம்மணலே தாய்வீடு. நாங்களும் ஒரு கட்டு நாற்று வாங்கிக்கொண்டோம்.

இராமேசுவரத்தைத் தாண்டியதும் நிலம் குறுகத் தொடங்குகிறது. தனுஷ்கோடியையும் அதற்கப்பால் அரிச்சல்முனையையும் அடைய முன்பு மணலிலும் நீரிலும் தள்ளாடிச் செல்ல வேண்டியிருந்தது. 2017 இல் திறக்கப்பட்ட தார்ச்சாலை இப்போது நுனிவரை கொண்டுசெல்கிறது. இருபுறமும் கடல், நடுவே ஒரு கோடு.

அப்போது விசைப்படகுகளுக்கு அறுபத்தொரு நாள் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. ஆகவே கடலில் நாட்டுப்படகுகளும் கரையில் கரைவலையுமே தொழிலில் இருந்தன. கரைவலையை நேயர்கள் ஒருமுறையேனும் அருகில் நின்று காணவேண்டும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, படகு வளைந்து சென்று வலையை வீசி, மறு முனையுடன் தொலைவில் கரை சேர்கிறது. பிறகு இரண்டு அணிகளாக நின்று இழுக்கிறார்கள். கிழவரும் உண்டு, பெண்டிரும் உண்டு. இழுக்க இழுக்க அணிகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. எங்கள் பிள்ளைகளும் கயிற்றைப் பிடித்தனர். கால் மணி நேரத்தில் உள்ளங்கை சிவந்து ஒதுங்கிவிட்டனர். அவர்களோ இரண்டு மணி நேரத்திற்கு மேல் இழுத்தார்கள். இறுதியில் வலையின் மடி கரையேறியது. சூடை, காரல், சில கணவாய், ஒரு சிறு திருக்கை: மொத்தம் இரண்டு கூடை. இருபதுக்கு மேற்பட்டோரின் காலைப்பொழுது அந்த இரண்டு கூடையில் அடங்கிவிட்டது. விற்ற பணத்தில் வலைக்காரர் பங்கு போக எஞ்சியதைத்தான் இழுத்தவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒருவர் முகத்திலும் வருத்தம் தெரியவில்லை. "நேத்து இதுவும் இல்லைங்க" என்றார் கயிற்றைச் சுருட்டிய மூதாட்டி.

அம்மூதாட்டியின் மருமகள் சாலையோரம் ஓலைக் கொட்டகையில் சோறு சமைத்து விற்கிறார். அன்று பிடித்த சூடையைக் கழுவி, மிளகாயும் மஞ்சளும் உப்பும் தடவி, தோசைக்கல்லில் முறுகப் பொரித்தார். புளி தூக்கலாய்க் கொதித்த மீன் குழம்பு. கணவாயும் சின்ன வெங்காயமும் சேர்ந்த வறுவல். வேறு ஆடம்பரம் ஏதுமில்லை. நகரத்து உணவகங்களில் மீனின் சுவையை மசாலா மறைத்துவிடுகிறது. இங்கே மறைக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை.

உணவைவிட எங்களை வியக்க வைத்தது குடிதண்ணீர். கொட்டகைக்குப் பின்னால் மணலில் தோண்டிய ஆழமற்ற ஊற்றிலிருந்து அதை மொண்டு வந்தார். நூறடி நடந்தால் கடல். ஆயினும் நீர் இனித்தது. மணலுக்குள் இறங்கும் மழைநீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதால் இது நேர்கிறது. ஆழமாய்த் தோண்டினால் உப்புநீர்தான் மிஞ்சும். போதும் என்று நிறுத்தத் தெரிந்தவருக்கே அந்த ஊற்று தண்ணீர் தருகிறது.

உண்ட பின் சிதைந்த ஊருக்குள் நடந்தோம். ஒரு காலத்தில் தலைமன்னாருக்குக் கப்பல் புறப்பட்ட துறை இது. இரயில் நிலையம், அஞ்சலகம், பள்ளி எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு புயலும் கடலும் சேர்ந்து அனைத்தையும் வாரிச் சென்றன. பயணியரோடு வந்த இரயில் வண்டியும் கடலில் மூழ்கியது. அதிலிருந்தோர் மட்டுமே நூற்றுக்கும் மேல். பிறகு அரசு, இது குடியிருக்கத் தகாத இடம் என்று அறிவித்தது. ஆனால் மீன் இங்கேதான் இருக்கிறது. ஆகவே மீனவர் திரும்பி வந்தனர்.

பவளப்பாறைக் கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாள்கூட இல்லாத இரவு அது. பீடம் இருந்த இடத்தின்மேல் ஏறி நின்று சில இளைஞர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அவர்களைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. அங்கே என்ன நடந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும். எங்கள் சிறுவர்கள் முழந்தாளிடவே, அவர்கள் தாமாகவே இறங்கி ஒதுங்கி நின்றனர். இறந்தோருக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். மூதாட்டியின் தமக்கையும் அந்த இரவில் போனவரே.

அரிச்சல்முனையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கூட்டம் மிகுதி, நீரோட்டம் வலிது, அங்கே குளிக்க இறங்காதிருப்பது நல்லது. கடைகளில் சங்கு, சிப்பி வாங்கலாம், பவளத்தைத் தொடவேண்டாம். சட்டம் அதைத் தடுக்கிறது.

மாலையில் பாம்பனுக்குத் திரும்பி, சின்னப்பாலம் கடற்கரையில் அமர்ந்தோம். இங்குள்ள பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி என்று அவற்றுக்கு அழகிய பெயர்கள் உண்டு. ஆனால் தொழில் கடினமானது. பாறை கிழித்த தழும்பு அவர்கள் விரல்களில் இருக்கிறது. மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே எடுப்பது, மீன் இனம் பெருகும் கோடையில் முற்றிலும் நிறுத்துவது என்று அவர்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வூர்ப் பெண்மணி ஒருவருக்கு 2015 இல் அமெரிக்க நாட்டின் சீகாலஜி அமைப்பு தன் விருதை வழங்கியது. நாங்கள் சென்றது அந்த ஓய்வு நாள்களில். ஆகவே பெண்கள் சிலர் வாசலில் அமர்ந்து வலையிலிருந்து நண்டு கழித்துக்கொண்டிருந்தனர். பெரிய நண்டுகள் தனிப் பெட்டிக்குச் சென்றன. அவை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. கால் ஒடிந்தவையும் சிறியவையும் வீட்டுச் சட்டிக்கு.

அந்தச் சட்டியில் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதித்த நண்டு ரசத்தை, "பிள்ளைங்க குடிக்கட்டும்" என்று ஆளுக்கு ஒரு தம்ளர் ஊற்றித் தந்தார் அவ்வீட்டு அம்மாள். பெட்டிக்குப் போன நண்டு இதைவிடச் சுவையாய் எந்த நாட்டிலும் சமைக்கப்படும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பணம் நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மல்லிகை நாற்றுக் கட்டைப் பிரித்து நான்கு நாற்றுகளை அவர் வாசலோரத்தில் நட்டோம். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவர், வேன் புறப்படும்போது, ஆவணியில் வந்தால் பூ இருக்கும் என்றார்.