ஏட்டில் தந்தை, வீட்டில் தாய்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களில், முன்பின் அறியாத இளைஞன் ஒருவன் வீட்டு வாசலில் வந்து நின்றால், உள்ளிருக்கும் மூதாட்டி இரண்டு வினாக்களை வினவுவதுண்டு. "நீ யாருட மகன்?" என்பது முதலாவது. "உம்மா எந்தக் குடி?" என்பது இரண்டாவது. முதல் வினாவுக்கு விடை கிடைத்ததும் அவர் தலையை அசைப்பார்; இரண்டாவதற்கும் விடை கிடைத்த பின்னரே பாயை விரிப்பார். தந்தையின் பெயர் ஒருவனை அறிமுகம் செய்கிறது. தாயின் குடியோ அவனை உறவினனாக்குகிறது.

கல்முனைப் பகுதிப் பாடசாலை ஒன்றில் ஒருங்கே கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர், இவ்விரு வினாக்களின் உட்பொருளைத் தம் முதுமையிலேதான் முழுதும் உணர்ந்தனர். ஒருவர் அவ்வூர் முஸ்லிம். மற்றவர் மட்டக்களப்பிலிருந்து வந்து கற்பித்த பறங்கியர். பறங்கியரின் வீட்டிலே பழைய வேதாகமம் ஒன்று இருந்தது. அதன் முன்னேட்டில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியன தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்டிருந்தன. அவற்றுள் முதலாவதாக நின்ற பெயருக்கு அருகே காணப்பட்ட ஊர், ஒல்லாந்தில் உள்ளதன்று, ஜேர்மனியில் உள்ளது. தம்மை ஒல்லாந்தர் வழியினர் என்றே அதுவரை எண்ணியிருந்த அவருக்கு அந்த ஒரு சொல் உறக்கத்தைக் கெடுத்தது.

உண்மையில் அதில் வியப்புறுவதற்கு ஏதுமில்லை. 1602 முதல் 1795 வரையான காலத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் ஆசியாவை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுள் ஐரோப்பா மீண்டோர் பாதிக்கும் குறைவு. அத்துணைப் பேரை அளிக்கும் ஆள்வளம் சிறிய ஒல்லாந்திடம் இருக்கவில்லை. ஆகவே, போரினாலும் வறுமையினாலும் நலிந்த ஜேர்மானிய நிலங்களிலிருந்து நிலமற்ற இளைஞர் பலர் அம்ஸ்ரடாம் நகரை நாடினர். அங்கே அவர்களுக்குக் கடனுக்கு உணவும் உறையுளும் அளித்து, பின்னர் கம்பனியிடம் ஒப்படைத்த தரகர்களை மக்கள் 'ஆன்மா விற்போர்' என இகழ்ந்தனர். வூர்ட்டம்பேர்க் நாட்டுக் கிறிஸ்தோப் சுவைற்சர் 1676 முதல் 1682 வரை இலங்கையிலே சேவைசெய்து, நாடு திரும்பி, 1688இல் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். அதே நாட்டின் கோமகன் கார்ல் ஒயிகன், அடுத்த நூற்றாண்டின் இறுதியில், ஒரு படைப்பிரிவையே கம்பனிக்கு வாடகைக்கு விட்டான். நன்னம்பிக்கை முனைக்கு 1787இல் அனுப்பப்பட்ட அப்படையினர் 1791இல் மேலும் கிழக்கே கொண்டுசெல்லப்பட்டனர். நூல் எழுதியவர் மிகச் சிலர். எழுதாது மறைந்தோரே பலர்.

ஆயினும் எழுதாதோரையும் ஒரு நூல் எழுதி வைத்திருக்கிறது. அது கம்பனியின் சம்பளப் பேரேடு. கப்பலேறிய ஒவ்வொருவனுக்கும் அதில் தனிப்பக்கம் ஒதுக்கப்பட்டது. பெயர், பிறந்த ஊர், கப்பல், பதவி, பட்ட கடன், பெற்ற கூலி, சேவை முடிந்த நாள், முடிந்த காரணம் ஆகியன வரவு செலவாகப் பதியப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டுக்குரிய இப்பேரேடுகள் இன்று ஹேக் நகரிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் உள்ளன. அவற்றிலிருந்து ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் கணினியில் தேடத்தக்கவாறு அட்டவணைப்படுத்தப்பட்டுள்ளன.

அவ்வட்டவணையிலே பறங்கிய ஆசிரியர் தம் மூதாதையைத் தேடினார். எளிதில் கிடைக்கவில்லை. ஜேர்மானியன் வாயால் உரைத்ததை ஒல்லாந்த எழுத்தன் காதால் கேட்டு எழுதியமையால், ஒரே பெயர் பல உருவம் கொண்டது. சிற்றூர்ப் பெயர்களோ அடையாளமே தெரியாதவாறு திரிந்தன. கொழும்பில் 1908இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் வெளியிட்டுவந்த வம்சாவளிகளை அவர் புரட்டினார். அவற்றிலே, ஜேர்மானிய மண்ணில் பிறந்து, கம்பனியின் ஊழியனாக வந்து, இங்கேயே மணந்து, ஒல்லாந்தப் பறங்கியரெனப் பெயர்பெற்ற குடும்பத் தலைவர்கள் பலரைக் கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சட்டத்துறையிலும் பத்திரிகைத் துறையிலும் புகழீட்டிய சார்ள்ஸ் அம்புறோஸ் லோரன்ஸ் (1829–1871) அவர்களின் தந்தையும் அத்தகைய ஜேர்மானியரே. 1757இல் திறந்துவைக்கப்பட்ட கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்தின் பழைய பதிவேடுகளும் இத்தகைய தேடலுக்குப் பெருந்துணையாவன.

ஈற்றில், நான்காவது எழுத்துக்கூட்டலில் அந்தப் பெயர் அகப்பட்டது. பேரேட்டுப் பக்கத்தின் பிரதியுடன் அவர் நண்பரின் வீட்டுக்கு விரைந்தார். சாதாரணப் படைவீரன், கப்பலேறு முன்னரே கடனாளி, ஊரிலிருந்த தாய்க்குத் தன் கூலியில் ஒரு பகுதி கிடைக்க ஏற்பாடு செய்தவன். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெயராக மட்டும் நின்ற ஒருவன், அந்த ஒரு வரியினால் மகனாக எழுந்து நின்றான்.

முஸ்லிம் ஆசிரியர் அப்பிரதியை நெடுநேரம் உற்று நோக்கினார். பின்னர், "எல்லாம் சரி மாஸ்டர், அவர் இங்க முடிச்ச பொம்புள ஆரு?" என்று கேட்டார்.

வேதாகமத்தின் முன்னேட்டில் அவளுக்கு இருந்தது ஒரு ஞானஸ்நானப் பெயர் மட்டுமே. அதனைத் தொடர்ந்து, குடும்பப் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் ஓர் ஊரின் பெயர் நின்றது. கம்பனிக் காலப் பதிவுகளில் அடிமைகளும் விடுதலை பெற்றோரும் அவ்வாறு ஊர்ப்பெயரால் சுட்டப்படுதல் பெருவழக்கு. அவள் யார் மகள், எம்மொழி பேசினாள், எவ்வாறு அவ்வீட்டை அடைந்தாள் என்பன பற்றி ஏடு வாய் திறக்கவில்லை. கூலி கொடுத்தவன் கணக்கு எழுதினான். கூலி பெறாதவளுக்குக் கணக்கில் இடமில்லை.

கிழக்குக் கரையின் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. இங்கு தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி என்பது தாய்வழியே இறங்குவது. ஒரே குடியினர் தமக்குள் மணம் செய்வதில்லை. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்கார் அமர்வது நெடுங்கால வழக்கம். வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மணமகனே அவ்வீடு புகுவான். பொன்னாச்சி குடி போன்ற பெயர்கள் ஒரு பெண்ணின் நினைவையே இன்றும் தாங்கி நிற்கின்றன. மாறாக, தந்தையின் பெயர் மகனின் பெயருக்கு முன்னே ஓரெழுத்தாகச் சுருங்கும். பேரனின் காலத்தில் அந்த ஓரெழுத்தும் மாறிவிடும். மலையாளக் கரையிலிருந்தோ காயல்பட்டினத்திலிருந்தோ ஒருவன் வந்து இங்கே மணம் முடித்திருப்பின், மூன்றாம் தலைமுறையில் அவன் வந்த வழி மறைந்துவிடும்; அவன் பிள்ளைகள் தாயின் குடியாகவே நிலைப்பர். அந்த ஜேர்மானியனே இங்கு வந்து இஸ்லாத்தைத் தழுவி மணந்திருந்தாலும், அவன் ஊரின் பெயர் இன்று எவருக்கும் தெரிந்திராது.

முஸ்லிம் ஆசிரியருக்கு ஏட்டின் அருமையும் தெரியாததன்று. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறை மாவட்டத்திலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டுசென்றது. அங்கு மாத்திரம் இறந்தோர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். கடலுக்கு அண்மையில் இருந்த அவர் வீட்டின் பெட்டகமும், அதிலிருந்த உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் பாட்டனாரின் காவின் பிரதியும் அன்றே அழிந்தன. அகதி முகாமாகிய பாடசாலையில், பெற்றோரை இழந்து, தன் பெயரன்றி வேறெதுவும் சொல்லத் தெரியாதிருந்த ஒரு சிறுமியை, அவருடைய மூத்தம்மா முறையான கிழவி ஒருவர் அருகழைத்து, முகத்தைப் பார்த்து, "உம்மாட பேர் என்ன மகள்? உம்மாட உம்மாட பேர் என்ன?" என்று வினவி, இன்ன குடி, இன்னார் வீட்டுப் பிள்ளை என அறுதியிட்டுக் கூறியதை அவர் தம் கண்ணாரக் கண்டார். எந்தத் திணைக்களமும் சான்றிதழ் வழங்குமுன் அச்சிறுமி உறவினரின் மடியை அடைந்துவிட்டாள்.

அவ்வாறாயின் நினைவு ஏட்டினும் உயர்ந்ததா? அவ்வாறு கூறுவது உண்மையாகாது. அக்கிழவி தாயரின் பெயர்களை ஏழு தலைமுறைக்கு அடுக்கினார். ஆனால் அவர்களுள் ஒருத்தி வாழ்ந்த ஆண்டையேனும் அவரால் கூற இயலவில்லை. அடுத்த ஆண்டு அவர் இறந்தபோது, அந்த ஏழு பெயர்களில் நான்கு அவரோடு அடக்கமாயின. காகிதமும் குறையுடையதே. தாய்வழியே உறவை எண்ணும் இக்கரையிற்கூட, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாகச் சட்டத்துக்கமைந்த திருமணப் பதிவு மணமகன், மணமகளின் வலி ஆகியோரின் கையொப்பத்தைக் கோரியதேயன்றி மணமகளின் கையொப்பத்தைக் கோரவில்லை. ஏடு தாயை மறந்தது. வாய்மொழி தந்தையை மறந்தது. ஒருவனின் பிறப்புக்கு இருவரும் வேண்டியிருக்க, அவனுடைய வரலாறு மட்டும் ஒருவரோடு அமைதல் எங்ஙனம்?

அன்று மாலை நண்பர் இருவரும் ஒரு பாடசாலை அப்பியாசக் கொப்பியை விரித்து, நடுவே ஒரு கோடு கீறினர். முஸ்லிம் ஆசிரியர் ஒருபுறம் தமக்குத் தெரிந்த தாயரின் பெயர்களை எழுதினார். மறுபுறம் தந்தையர் பக்கம் பாட்டனாரோடு நின்றுவிட்டது. பறங்கிய ஆசிரியர் தந்தையர் பக்கத்தைக் கப்பலின் பெயர்வரை நிரப்பினார். தாயர் பக்கத்தின் அடியில் அந்த ஒற்றைப் பெயரை எழுதி, அதற்கு அருகே வெற்றிடம் விட்டார். அழிக்கவும் இல்லை; ஊகித்து நிரப்பவும் இல்லை.

பல்கலைக்கழக மாணவர் ஆண்டுதோறும் விடுமுறைக்கு ஊர் செல்கின்றனர். வீட்டின் மூலையிலே பாயில் அமர்ந்திருக்கும் மூதாட்டியரின் நினைவு எந்த நாட்டின் சுவடிக் காப்பகத்திலும் இல்லை. அம்மூதாட்டியர் வினவுமுன், இம்முறை மாணவரே வினவலாம். ஒரு கொப்பியும் நடுவே ஒரு கோடும் போதும்.