படகுக்கு அளவெடுத்தல்

வீட்டுக் கதவின் கீல் தளர்ந்தால் கதவு கிறீச்சிடும், அவ்வளவே. படகின் சுக்கானைத் தாங்கும் கீல் தளர்ந்தால் படகு திசை இழக்கும். நிலத்தில் சிறு குறையாகத் தோன்றுவது நீரில் பேரிடராகிவிடுகிறது. அதனால்தான் கடலை அறிந்தவர்கள் ஒரு படகின் வண்ணத்தையும் பாயையும் பார்ப்பதற்கு முன், அதன் கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கொம்பு, நங்கூர உருளை, ஏணி ஆகிய உலோக உறுப்புகளைக் கையால் அசைத்துப் பார்க்கின்றனர்.

இவ்வுறுப்புகள் பல கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. ஆயினும் பொழுதுபோக்குக்காக ஓட்டப்படும் சிறு படகுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றின் விளிம்பு சற்று அதிகமாக வளைந்திருக்கும். மற்றொன்றின் பின்சுவர் சாய்ந்திருக்கும். தைத்து வைத்த சட்டை எல்லார்க்கும் பொருந்தாதது போலவே, செய்து வைத்த உறுப்பும் எல்லாப் படகுக்கும் பொருந்துவதில்லை. அப்போது அளவெடுத்துச் செய்து தரும் கைவினைஞரை நாடவேண்டியுள்ளது.

நம் முன்னோர் படகுத் தொழிலில் உலோகத்தைப் பெரும்பாலும் விலக்கியே வைத்தனர். மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டுமரம் அமைத்தனர். அச்சொல்லே ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என்று வழங்குகிறது. சோழமண்டலக் கரையில் அலைகளைக் கடந்து, கப்பல்களுக்கு ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் சென்ற மசூலாப் படகுகளின் பலகைகளும் கயிற்றால் தைக்கப்பட்டவையே. அலை மோதும்போது தையல் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும், ஆணியோ நெகிழாது. மேலும், கயிறு நைந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆணி உள்ளுக்குள் அரிபட்டால் எளிதில் தெரியாது. உலோகத்தைப் படகில் ஏற்றிய பிறகு, அதன் இயல்பை அறிந்துகொள்ளும் பொறுப்பும் மனிதர்க்கு வந்து சேர்ந்தது.

மும்பையில் ஜூன் மாதம் பருவமழை தொடங்கும்போது, துறைமுகத்தில் மிதந்துகொண்டிருந்த சிறு உல்லாசப் படகுகள் கரையேற்றப்படுகின்றன. மழை ஓயும்வரை அவை தாங்குகட்டைகளின்மீது நிற்கும். பழுது பார்ப்பதற்கும் புதியன பொருத்துவதற்கும் அதுவே காலம். அத்தகைய ஒரு மழைக்காலத்தில், துறைமுகத்தை அடுத்திருந்த ஒரு பட்டறைக்கு ஒரு வேலை வந்தது. ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒரு ஃபைபர் படகுக்குப் பக்கக் கைப்பிடிக் கம்பிகளும், பின்புறத்தில் மடித்து வைக்கத்தக்க ஏணியும் செய்ய வேண்டும்.

பட்டறைக்காரர் இளமையிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். வாடிக்கையாளர்கள் அவரை ‘மிஸ்திரி’ என்றே அழைத்தனர். அவருடைய மகள் எட்டாம் வகுப்பு மாணவி. விடுமுறை நாள்களில் பட்டறைக்கு வருவாள். உடன் வேலை செய்வோரிடம் அவர் மராத்தியில் பேசுவார். மகளிடம் தமிழில் பேசுவார். ‘சுக்கான்’ என்று அவர் சொன்னதை அவர்கள் ‘சுகாணூ’ என்றனர். ‘நங்கூரம்’ அவர்கள் வாயில் ‘நாங்கர்’ ஆயிற்று. சுக்கான் அரபு மொழியிலிருந்தும், நங்கூரம் பாரசீகத்திலிருந்தும் கடல்வழியே வந்த சொற்கள். படகுகள் சென்ற துறைகளிலெல்லாம் அவற்றின் உறுப்புகளின் பெயர்களும் இறங்கித் தங்கிவிட்டன என்பதை மகள் வியப்போடு கேட்டுக்கொண்டாள்.

முதல் நாள் அவர் உலோகத்தைத் தொடவே இல்லை. பழைய அட்டைப் பெட்டிகளையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு படகிடம் சென்றார். மகள் பைக்குள் ரசமட்டத்தையும் எடுத்து வைத்திருந்தாள். அவர் சிரித்தார்.

“இது சுவருக்கு உதவும் அம்மா, கரையில் நிற்கும் படகுக்கு உதவாது. கட்டைகள்மீது படகு எப்படிச் சாய்ந்து நிற்கிறதோ, அந்தச் சாய்வைத்தான் ரசமட்டம் சொல்லும். படகுக்கு அளவு படகிலிருந்தே எடுக்க வேண்டும்.”

படகின் முன்முனையிலிருந்து பின்சுவரின் நடுப்புள்ளிவரை ஒரு நூலைக் கட்டினார். அந்த நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் அளந்தார். விளிம்பின் வளைவு எங்கெல்லாம் மாறியதோ அங்கெல்லாம் அட்டையை வைத்து வெட்டி, வெட்டிய துண்டுகளில் இடம், வலம், முன், பின் என்று மகளை எழுதச் சொன்னார். அட்டையில் நேர்ந்த பிழையை மற்றோர் அட்டையால் திருத்திவிடலாம். எஃகில் நேர்ந்த பிழைக்கு விலை மிகுதி.

அடுத்தது உலோகத்தைத் தேர்ந்தெடுத்தல். வெறும் இரும்பு உப்புக்காற்றில் விரைவில் துருவேறும். பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கடல்நீர் மெல்ல மெல்லக் கரைத்துவிட, நுண்துளைகள் நிறைந்த வலுவற்ற செம்பே மிஞ்சும். வெண்கலம் கடலை நன்கு தாங்கும். விலையும் எடையும் கூடுதல். எனவே இக்காலச் சிறு படகுகளில் துருப்பிடிக்காத எஃகே மிகுதியாகப் பயன்படுகிறது. தமிழர் இல்லங்களில் ‘எவர்சில்வர்’ என்று வழங்குவதும் இவ்வகை எஃகே.

1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல்கள் விரைவில் தேயாதிருக்க ஏற்ற எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது குரோமியம் கலந்த எஃகு எளிதில் அரிபடாமல் இருப்பதைக் கண்டார். எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால், அது காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக எஃகைப் போர்த்திக் காக்கிறது. கீறல் பட்டாலும் அப்படலம் மீண்டும் உருவாகிவிடும். ஆனால் கடலுப்பு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைக்க வல்லது. ஆகவே பாத்திரங்களுக்குப் போதுமான 304 வகை எஃகு கடலுக்குப் போதுவதில்லை. 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 வகையே அங்கு ஏற்றது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே மின்னும். காந்தத்தாலும் அவற்றைப் பிரித்தறிய இயலாது. விற்பவரின் நேர்மையையும் சான்றிதழையும் நம்பியே வாங்க வேண்டும்.

அட்டை ஏணியைப் படகின் பின்சுவரில் மாட்டிப் பார்த்தபோதுதான் உரிமையாளருக்கும் பட்டறைக்காரருக்கும் கருத்து வேறுபட்டது.

“மிஸ்திரி, ஏணி இவ்வளவு நீளம் வேண்டுமா? படகின் அழகைக் கெடுக்கிறதே. இரண்டு படிகளைக் குறைத்துவிடுங்கள்” என்றார் உரிமையாளர்.

“சாகேப், படகில் நிற்பவருக்கு இந்த ஏணி தேவையில்லை. நீரில் விழுந்தவருக்கே தேவை. அவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றார் பட்டறைக்காரர்.

படகின் உடலில் பாசி படிந்த கோடு ஒன்று இருந்தது. படகு மிதக்கும்போது நீர் தொடும் எல்லை அதுவே. அவர் மகளை அழைத்தார். அவள் பின்சுவரின் அருகே முழந்தாளிட்டாள். அவளுடைய கழுத்து அக்கோட்டின் மட்டத்துக்கு வந்தது. நீரில் மிதப்பவரின் நிலை அதுதான். பிறகு அவர் ஏணியின் கீழ்ப்படிகள் இரண்டையும் மடித்து மறைத்தார். கோட்டுக்கு மேலிருந்த படிகளே எஞ்சின.

“ஏறு, பார்க்கலாம்” என்றார்.

முதற்படி அவளுடைய கழுத்துக்கு மேலே இருந்தது. அதில் காலை வைக்க அவளால் முடியவில்லை. கைகளால் மட்டும் உடலைத் தூக்க வேண்டியிருந்தது. நிலத்திலேயே இயலாத அச்செயல், ஆடை நனைந்து களைத்துப் போனவர்க்கு எவ்வாறு இயலும்? நீருக்குக் கீழே இரண்டு படிகளாவது இறங்கியிருந்தால்தான் கால் ஊன்ற இடம் கிடைக்கும். இன்னொன்றும் அப்போது வெளிப்பட்டது. மடித்து வைத்த ஏணியை இறக்கும் பிடி அவள் கைக்கு எட்டவில்லை. படகில் வேறு எவரும் இல்லாதபோது, நீரில் இருப்பவரே ஏணியை இறக்கிக்கொள்ள வேண்டுமல்லவா? அப்பிடியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் நுனி அவள் விரல்களுக்கு எட்டும்வரை பட்டறைக்காரர் நீளத்தைக் கூட்டினார்.

உரிமையாளர் சிறிது நேரம் அக்கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் பேத்தியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், இவளைவிடச் சிறியவள்” என்றார். கயிறு மேலும் ஒரு சாண் நீண்டது. படிகளைக் குறைக்கும் பேச்சு பிறகு எழவில்லை.

பட்டறையில் வேலை தொடங்கியது. குழாயை வளைக்கும்போது அது நசுங்கிவிடாதிருக்க, உலர்ந்த மணலை இறுக நிரப்பி இரு முனைகளையும் அடைத்தனர். துருப்பிடிக்காத எஃகு சூடேறினால் சாதாரண எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும். வெப்பத்தை எளிதில் பரவவும் விடாது. ஒரே மூச்சில் பற்றவைத்தால் கம்பி முறுக்கிக்கொள்ளும். ஆதலால் முதலில் ஆங்காங்கே புள்ளிகளாகப் பற்றவைத்து, படகில் பொருத்திப் பார்த்துவிட்டுப் பின்னரே ஆர்கான் வாயுவின் காப்பில் முழுப் பற்றவைப்பையும் முடித்தனர். பற்றவைத்த இடத்தில் மயிற்கழுத்துப்போல் நீல வண்ணம் படர்ந்தது. மகளுக்கு அது அழகாகத் தோன்றியது. ஆனால் காப்புப் படலம் அவ்விடத்தில் கெட்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்; அதனை நீக்காவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும். அதைத் தேய்த்து நீக்கவும் தனித் தூரிகை வைத்திருந்தனர். இரும்பைத் தேய்த்த தூரிகையால் தேய்த்தால் இரும்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு, நல்ல எஃகின்மேலும் துருக்கறை படியும்.

பொருத்தும் நாளில் உரிமையாளர் பழைய மரையாணிகளைக் கொண்டுவந்தார். அவை துத்தநாகப் பூச்சிட்ட இரும்பாணிகள். பார்வைக்குப் புதியன போலவே இருந்தன. பட்டறைக்காரர் அவற்றை வாங்கி ஒருபுறம் வைத்துவிட்டு, 316 எஃகினால் ஆன மரையாணிகளையே எடுத்தார். படகின் விளிம்பில் ஓடிய அலுமினியப் பட்டைக்கும் புதிய கம்பியின் அடித்தட்டுக்கும் நடுவில் வைக்க, மகளை ரப்பர் துண்டுகள் வெட்டச் சொன்னார்.

“இரும்பைவிட எஃகு வலியது, எஃகுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் இந்த மெல்லிய ரப்பர் எதற்கு, அப்பா?” என்று அவள் கேட்டாள்.

அதற்கு விடை இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. 1761ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படை, மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களிலிருந்து காப்பதற்காக ‘அலார்ம்’ என்னும் கப்பலின் அடிப்பகுதியைச் செப்புத் தகடுகளால் போர்த்தியது. சில ஆண்டுகளில் திரும்பி வந்த கப்பலைச் சோதித்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் பல அரிபட்டுக் கிடந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் கெடாமல் இருந்தன. தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அவ்விடங்களில் அகற்றப்படாமல், செம்புக்கும் இரும்புக்கும் இடையே தங்கியிருந்தது. இருவேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் ஒரு மின்கலம்போல் ஆகிவிடுகின்றன. அவற்றுள் ஒன்று மற்றொன்றுக்காகத் தேய்கிறது. அத்தொடர்பை ஒரு காகிதம் துண்டித்திருந்தது.

1824இல் ஹம்ஃப்ரி டேவி என்னும் அறிவியலறிஞர் இவ்வியல்பையே காப்பாக மாற்றினார். செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால், அது தேய்ந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். செம்பு தேயவில்லை, ஆனால் செம்பு சிறிதும் கரையாததால் சிப்பிகளும் பாசியும் கப்பலின் அடியில் அச்சமின்றிக் குடியேறின. கப்பல்களில் அவருடைய முறை கைவிடப்பட்டாலும், அக்கருத்து நிலைத்தது. இன்றும் கடலில் ஓடும் படகு இயந்திரங்களில், தான் தேய்ந்து மற்றவற்றைக் காக்கும் துத்தநாகக் கட்டி பொருத்தப்படுகிறது.

பட்டறைக்காரர் இவ்வரலாற்றைப் படித்தவர் அல்லர். பழுதுக்கு வந்த படகுகளில் அலுமினியம் வெண்பொடியாய் உதிர்ந்ததைக் கண்டு அறிந்தவர். “ஒத்துப்போகாத இரண்டை ஒன்றாக வாழவைக்க வேண்டுமானால், நடுவில் ஒன்று இருக்க வேண்டும் அம்மா” என்று சுருக்கமாகச் சொன்னார். மகள் துளைகளைச் சரிபார்த்து ரப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாய் வைத்தாள். மேல்தளத்தின் அடியில், இழுவிசை ஓரிடத்தில் குவியாமல் பரவுவதற்காக அகன்ற தகடுகளை வைத்து, அவர் மரையாணிகளை முடுக்கினார்.

மழை ஓய்ந்ததும் படகு நீரில் இறங்கியது. ஏணி மடிந்த நிலையில் பின்சுவரில் நின்றது. அதன் கயிறு நீருக்குச் சற்று மேலே ஆடியது. அடுத்த மழைக்காலத்தில் படகு கரையேறும்போது துத்தநாகக் கட்டி மாற்றப்படும். ரப்பர் துண்டுகள் சோதிக்கப்படும். உரிமையாளரின் பேத்தி வளர்ந்திருப்பாள். கயிற்றின் நீளம் மட்டும் குறைக்கப்படாது என்று பட்டறைக்காரர் தம் கணக்கேட்டில் குறித்து வைத்தார்.

சொல்லும் பொருளும்
சுக்கான் – படகைத் திருப்ப உதவும் உறுப்பு
ரசமட்டம் – தளம் சமமாக உள்ளதா என அறியும் கருவி
மரையாணி – திருகி முடுக்கும் ஆணி
உயிர்வளி – ஆக்சிஜன்

சிந்தித்து விடையளிக்க
1. கரையில் நிற்கும் படகை அளக்க ரசமட்டம் ஏன் உதவாது?
2. உரிமையாளர் தம் கருத்தை மாற்றிக்கொண்டது ஏன்?
3. ‘அலார்ம்’ கப்பலில் சில இரும்பாணிகள் மட்டும் கெடாமல் இருந்ததன் காரணம் யாது?
4. நங்கூரம், சுக்கான், பாய், படகு ஆகியவற்றுக்கு நீங்கள் வாழும் ஊரின் மொழியில் வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்து எழுதுக.