விடையறிந்தும் பேசாதவர்

வகுப்பில் வாய் திறவாத மாணவரை மந்தமானவர் என்று முடிவு கட்டிவிடுவது எளிது. அவருடைய விடைத்தாளைத் திருத்தும்போதுதான் ஆசிரியருக்கு வியப்பு ஏற்படுகிறது. விடை அவரிடம் முன்பே இருந்தது. பலர் முன்னிலையில் அதைச் சொல்லும் துணிவுதான் இல்லை. (எல்லா மௌனமும் அச்சத்தால் விளைவதன்று. கூர்ந்து கேட்பதற்காகப் பேசாதிருப்போரும் உளர்.)

இத்துணிவு முதலில் வீட்டில் முளைக்க வேண்டும். விருந்தினர் வந்ததும் "உள்ளே போய்ப் படி" என்று அனுப்பப்படும் குழந்தை, பெரியவர் பேச்சில் தனக்கு இடமில்லை என்று அறிந்துகொள்கிறது. ஐயம் கேட்பதையும் எதிர்த்துப் பேசுவதையும் பல வீடுகள் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. டயானா பாம்ரிண்ட் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், கட்டளை மட்டும் இடும் பெற்றோரையும், விதியோடு அதன் காரணத்தையும் எடுத்துரைக்கும் பெற்றோரையும் 1960களிலேயே பிரித்துக் காட்டினார். முன்னவரிடம் பிள்ளை பணியக் கற்கிறது; பின்னவரிடம் கருத்துரைக்கவும் கற்கிறது. அன்புக் குறைவு மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ணிவிடலாகாது. "உன் பெயர் என்ன?" என்று பிறர் பிள்ளையைக் கேட்கும்போது, முந்திக்கொண்டு விடை சொல்லும் பாசமிகு தாயும் அதே மௌனத்தையே வளர்க்கிறார்.

இடமாற்றம் பெறும் நடுவண் அரசுப் பணியாளரின் பிள்ளைகளுக்கு மற்றோர் இடரும் உண்டு. அவர்களின் கல்வி தடைப்படாதிருக்கவே 1963இல் கேந்திரிய வித்யாலயங்கள் அமைப்பாக உருப்பெற்றன. பாடத்திட்டம் எங்கும் ஒன்றே. இடைவேளைப் பேச்சு அவ்வாறன்று. சென்னையிலிருந்து போபால் செல்லும் சிறுமிக்கு அறிவியல் பாடம் புதிதன்று. உணவு வேளையில் யார் அருகில் அமர்வது, இந்தியில் ஒருவர் கேலி பேசினால் என்ன மறுமொழி கூறுவது என்பனவே புதியவை. நட்பு அமையாத வகுப்பில், பிழையாகச் சொன்னால் சிரிப்பார்களே என்ற அச்சம் பெருகும். ஒரே ஒரு தோழி கிடைத்துவிட்டால் போதும். கை தானே உயரத் தொடங்கும்.

ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. வினா எழுப்பிய ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடியளவே விடைக்குக் காத்திருக்கின்றனர் என்று மேரி பட் ரோ என்னும் கல்வியாளர் 1970களில் கண்டறிந்தார். 3 விநாடி பொறுத்தபோது விடைகள் நீண்டன. அதுவரை பேசாதிருந்தவர்களும் பேசினர். ஒருமுறை மூச்சை இழுத்து விடும் நேரந்தான் அது!

அப்பொறுமை வீட்டிற்கும் ஏற்றது. "இன்று என்ன படித்தாய்?" என்ற கேள்விக்கு "ஒன்றுமில்லை" என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். "இன்று வகுப்பில் எல்லாரையும் சிரிக்கவைத்தவர் யார்?" என்று கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருந்தால், இரவு உணவு முடியும் வரை கதை நீளும்.