வெள்ளைப் புகை

வெள்ளை என்றால் நல்லது என்றுதான் நமக்கெல்லாம் எண்ணம். படகு எஞ்சின் விஷயத்தில் அந்தக் கணக்குச் செல்லாது.

தூத்துக்குடியில் என் நண்பர் ஒருவருக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு உண்டு. ஒருநாள் விடியற்காலை, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் புகைக்குழாய் வெள்ளை வெளேரென்று கக்கிக்கொண்டிருந்தது. "சிலிண்டருக்குள்ளே தண்ணி இறங்கிட்டுது, எஞ்சினையே பிரிக்கணும்" என்று கரையில் நின்றவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நண்பர் பாவம், மனைவியின் வளையல்களை மனத்துக்குள் எடை போடத் தொடங்கிவிட்டார்.

கிழ மெக்கானிக் வந்தார். ஸ்பானரைத் தொடவில்லை, புகையை முகர்ந்தார்.

"நீராவின்னா காத்துல உடனே கரைஞ்சிரும், தம்பி. இது கலையாம நிக்குது, கண்ணைக் கரிக்குது. எரியாத டீசல்."

பிறகு நாசில்களுக்குப் போகும் டீசல் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் தடுமாறிற்று. ஐந்தாவதைத் தளர்த்தியபோது மட்டும் சத்தம் மாறவே இல்லை.

"வேலை செய்யாம சம்பளம் வாங்கினவன் இவன்தான்!"

பன்னீர் தெளிப்பதுபோல டீசலைத் தூவவேண்டிய நாசில், ஓட்டைக் குடமாக ஒழுகியிருக்கிறது. அதை மாற்றியதும் புகை அடங்கியது. வளையல்கள் பிழைத்தன.

நானும் வெகுகாலமாகக் கதை எழுதுகிறேன். முகர்ந்து பாராமல் எத்தனை மனிதர்களைப் பிரித்துப் போட்டேனோ!