இரண்டு வருட இடைவெளி

செப்டம்பர் கடைசியில் எங்கள் ரெசிடென்சி விண்ணப்பங்கள் அமெரிக்க மருத்துவமனைகளின் பார்வைக்குப் போய்விடும். பிறகு ஜனவரிவரை நேர்காணல் அழைப்புக்கான காத்திருப்புதான். அங்கே அலுவலக நேரம், மதுரையில் இரவு, தலையணைக்கடியில் அலைபேசி.

பட்டம் பெற்று எத்தனை ஆண்டு, நடுவில் வேலை விட்டிருக்கிறதா என்று பார்த்தே பலரைக் கழித்துவிடுவார்கள். நேர்காணலில் குடும்பம், குழந்தை பற்றிக் கேட்கக்கூடாதென்று விதி இருக்கிறது. கேட்க வேண்டிய அவசியமென்ன? பிரசவத்துக்குப் போன இரண்டு வருடம் விண்ணப்பத்திலேயே வெறுமையாக நிற்கிறதே!

அதே ஆண்டு, அதே கல்லூரியில் படிப்பை முடித்த கணவருக்கு ஏழு அழைப்புகள். எனக்கு ஒன்று.

“வீட்டுக்கு ஒருத்தருக்குக் கிடைச்சா போதாதாம்மா?” என்கிறார் அத்தை.

அந்த ஒரு ஜூம் நேர்காணல் முடியும்வரை, இரவில் மகள் அழுதால் யார் தூக்குவது என்பது இன்னும் பேசி முடியவில்லை.